ஊத்தை படாத கை

அவருடைய கைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். ஐம்பது வயது தாண்டிய ஒரு மனிதரிடம் அப்படியான கைகளை நான் வேறு எங்கும் கண்டதில்லை. நகங்கள் ஒரே சீராக வெட்டப்பட்டிருக்கும். ஒரு கீறல் இல்லை, ஒரு காய்ப்பு இல்லை. கதைக்கும்போது அந்தக் கைகளை முன்னால் நீட்டி, பலிபீடத்தில் நிற்கிற குருவானவரைப் போல மெதுவாக விரித்துக் காட்டுவார். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் சிலர் அவரை "டாக்டர்" என்று கூப்பிட்டதுண்டு. அவர் திருத்தியதை நான் பார்த்ததில்லை. உண்மையில் அவர், நாங்கள் குடியேறிய நகரத்தின் ஒடாஹுஹுப் பகுதியில், ஒரு சாமான் கிடங்கில் மேற்பார்வையாளர். பெட்டி தூக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிற வேலை.

பெயரைச் சொல்லப் போவதில்லை. இப்போது அவர் பிரிஸ்பேனில் இருக்கிறார். அங்கேயும் தமிழாட்கள் இருக்கிறார்கள், அவர்கள் தாங்களாகவே அறிந்துகொள்ளட்டும். "அவர்" என்று மரியாதையாக எழுதுவதும் என் மனைவி மலருக்காகத்தான். யாரையும் "அவன்" என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. என் விருப்பத்துக்கு விட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எங்கள் தேவாலயத்துத் தமிழாட்களிடையே அவருக்கு உதவிக்காரர் என்று நல்ல பெயர். யார் வீட்டில் எந்த வேலை நடந்தாலும் அழைக்காமலே வந்து நிற்பார். வந்து நிற்பார் என்பதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் மாசி என்கிற பகுதியில் வீடு வாங்கிக் குடிபோனபோது நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சாமான் ஏற்றி இறக்கினோம். அவர் ஒரு பூச்சாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். "கொஞ்சம் சரியுங்கோ. இந்தப் பக்கம். பதிச்சுப் பிடியுங்கோ." குளிர்சாதனப் பெட்டி என் நெஞ்சில் சாய்ந்துகொண்டிருந்தது. என் முதுகு போனதற்கு இத்தனை வருஷம் வேலைக்கு பஸ் ஓட்டியது பாதிக் காரணம் என்றால் அவருடைய "பதிச்சுப் பிடியுங்கோ" மீதிக் காரணம். வேலை முடிந்து தேத்தண்ணி வந்ததும் முதல் கதிரையில் அவர்தான் உட்கார்ந்தார். பூச்சாடியை மெல்ல நிலத்தில் வைத்துவிட்டு, "அப்பாடா, முறிஞ்சு போனன்" என்றார்.

அவருக்கு ஒரு வசனம் இருந்தது. எந்த வேலையைக் கண்டாலும் அதைச் சொல்லுவார். "மூளை வேலை செய்தால் கை ஊத்தையாகாது, அண்ணை." சொல்லிவிட்டு அந்த இரண்டு கைகளையும் காட்டுவார். நாங்கள் எங்கள் கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்போம்.

இன்னொன்று அவருடைய போன். தேவாலய மண்டபத்தில் திருநாள் சாப்பாடு நடக்கும்போது சமைப்பது முதல் பரிமாறுவது வரை அவர் குரல்தான் கேட்கும். சமைத்த பெரிய கிடாரங்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போகிற நேரத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வரும். போன் அடித்து நான் கேட்டதில்லை, யாரும் கேட்டதில்லை. சட்டைப் பையிலிருந்து எடுத்து, "ஹலோ, ஓம், ஓம், சொல்லுங்கோ" என்றபடி கார் நிறுத்துமிடத்தின் கடைசி வரைக்கும் நடந்து போய்விடுவார். உள்ளே அவருடைய மனைவி அடிப்பிடித்த கிடாரத்துக்குள் பாதி உடம்பை விட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பா. கடைசிக் கிடாரம் கவிழ்த்து வைத்த பிறகுதான் அந்த அழைப்பு முடியும்.

இதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள். நானும் சிரித்திருக்கிறேன். அவருடைய தாயின் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு நின்றது.

மலர் ஹெண்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். படுக்கையில் கிடக்கிறவர்களைக் கழுவி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. அவருடைய தாய் கடைசிக் காலத்தில் அங்கேதான் இருந்தா. நினைவு தப்பிய மனுஷி. இங்கிலிஷ் எல்லாம் மறந்துபோய்த் தமிழ் மட்டும் மிஞ்சியிருந்தது. அந்த இல்லத்தில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் மலர் என்பதால் அவவின் எல்லா வேலையும் மலரின் தலையில்தான் விழுந்தது. மகன் ஞாயிறு பூசை முடிந்து பூங்கொத்தோடு வருவார். கட்டிலுக்குக் கிட்டப் போகமாட்டார், கதவடியில் நின்று, "அம்மா, எப்பிடி?" என்பார். அறையில் மணம் வந்தால் சுவரில் இருக்கிற மணியை அமத்திவிட்டு வெளியே போய் நிற்பார். மணி அடித்தால் போகிறவள் மலர். அவள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வெளியே வந்து, "இப்ப போங்கோ தம்பி" என்று சொல்லும்வரை அவர் தாழ்வாரத்தில் போனோடு நிற்பார்.

"பாவம், அவருக்குப் பழக்கமில்லை" என்று மலர் வீட்டில் வந்து சொல்லுவாள். பெற்ற தாயைத் தொடுவதற்கு என்ன பழக்கம் வேண்டிக்கிடக்கிறது என்று நான் கேட்டேன்.

தாய் இறந்தபோது அடக்கப் பூசையில் அவர்தான் பேசினார். நன்றாகப் பேசினார், அதில் குறை சொல்ல முடியாது. "என்ர அம்மாவை நான் ஆரிட்டையும் விடேல்லை. கடைசி வரைக்கும் இந்தக் கையாலதான் பாத்தனான்" என்று அந்தக் கைகளை உயர்த்தினார். சனம் கண்ணைத் துடைத்தது. மலர் கடைசி வாங்கில் இருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் மலருக்கே வருத்தம் வந்தது. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வயிறு அவள் சொல்வழி கேட்பதை நிறுத்திவிட்டது. போக வேண்டும் என்றால் அந்த நிமிஷமே போக வேண்டும். முதலில் அவள் கழிப்பறை இருக்கிற இடங்களுக்கு மட்டும் போனாள். ஹெண்டர்சன் கடைத்தெருவில் எந்தக் கடைக்காரன் உள்ளே விடுவான் என்று அவளுக்குத் தெரியும். பூசைக்குப் போனால் கதவுக்குப் பக்கத்து வாங்கு. ஒருநாள் அந்த வாங்கிலிருந்தும் நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. அன்றிலிருந்து பூசையும் நின்றது. எந்த வீட்டுக் கொண்டாட்டத்துக்கும் முதல் ஆளாகப் போகிறவள், ரானுயியில் எங்கள் வீட்டு யன்னலடியில் இருந்து தெருவைப் பார்க்கத் தொடங்கினாள்.

அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. இல்லத்தில் அவள் பராமரித்த ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் கட்டிலருகே ஒரு படம் இருந்ததாம். நாட்டின் வடக்கு முனையில் ஒரு வெள்ளை வெளிச்சவீடு, கீழே இரண்டு கடல்கள் வந்து முட்டுகிற இடம். தூசி தட்டும்போதெல்லாம் பார்த்த படம். "ஒருக்கால் போய்ப் பாக்க வேணும் எண்டு நினைச்சனான். இனி எங்க" என்றாள். அந்த "இனி எங்க" என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் பழைய மோட்டர்ஹோம் ஒன்றை வாங்கினேன். ஓடுகிற வீடு. முன்சீட்டிலிருந்து எழுந்து திரும்பினால் கழிப்பறை. மலர் அந்தக் குட்டிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு அழுதாள். வெளியே போகலாம் என்று அவள் நம்பிய முதல் நாள் அது.

ஆனால் அந்த வாகனத்தில் ஒரு பொய் இருந்தது. கழிப்பறையில் போவதெல்லாம் அடியில் ஒரு தொட்டியில் சேரும். நிரம்ப முதல் அதற்கென்று உள்ள இடத்தில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சமையல் மேடைக்கு மேலே உள்ள பலகையில் சின்ன விளக்குகள் காட்டும். தொட்டிக்குள்ளே ஆணி போன்ற உலோக முனைகள், அழுக்கு அவற்றில் படிந்து காய்ந்தால் பிறகு எப்போதும் "நிரம்பியது" என்றே சொல்லும். நான் கொண்டுபோய்க் கொட்டிக் கழுவிவிட்டு வந்தேன். பலகை நிரம்பியது என்றது. மருந்து ஊற்றிக் கழுவினேன். நிரம்பியது என்றது. "இஞ்சேருங்கோ, இது நிரம்பிக் கிடக்குதெண்டு காட்டுது. நான் எப்பிடி நம்பிப் போறது?" என்று மலர் கேட்டாள். அவளுக்குத் தன் வயிற்றை நம்ப முடியாது. பலகையையாவது நம்ப வேண்டும்.

இப்போது புது விதமான சென்சர் வந்திருக்கிறது. ஒரு நீளப் பட்டி. தொட்டியின் வெளிச்சுவரில் ஒட்டினால் போதும், உள்ளே இருக்கிறதைத் தொடாமலே மட்டத்தைச் சொல்லிவிடும். அதை வரவழைத்தேன். ஒட்டுவதற்குத்தான் ஆள் வேண்டும். வாகனத்துக்கு அடியில் மல்லாக்கப் படுத்து வேலை செய்ய என் முதுகு இடம் கொடாது. இதை யாரிடமோ சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் வாசலில் நின்றார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு. படுக்க ஒரு பாய் கூடக் கொண்டுவந்திருந்தார். தொடாமல் வேலை செய்கிற சாமான் என்று கேள்விப்பட்டு அவருக்கு அதில் ஒரு சொந்தம் வந்துவிட்டது போல.

"அண்ணை, நீங்கள் உள்ளுக்கு நிண்டு லைட்டைப் பாருங்கோ. நான் கீழ பாத்துக்கொள்ளுறன்" என்றார். நான் உள்ளே நின்றேன். மலர் கடலை வடை பொரித்துத் தட்டில் போடுவதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார். சட்டைக் கையின் மடிப்புக் கூடக் கலையவில்லை. "பார்த்தீங்களோ, எவ்வளவு கெட்டிக்காரர்" என்றாள் மலர். பிறகு வாகனத்துக்குள் இருக்கிற சமையல் சிங்க்கில் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னார். நான் திறந்தேன். பலகையில் விளக்கு மெல்ல ஏறிக் கால்வாசியில் நின்றது.

"கக்கூசிலயெல்லோ தண்ணி ஊத்திப் பாக்க வேணும்?" என்று கேட்டேன்.

"தண்ணி தண்ணிதானே அண்ணை. எல்லாம் கீழதான் போகுது" என்றார். கைகளை விரித்தார். வடையை மட்டும் அந்தக் கைகள் தயங்காமல் எடுத்தன.

அதன் பிறகு ஒரு கிழமை மலர் எங்கள் வாசலில் நின்ற வாகனத்திலேயே ஒத்திகை பார்த்தாள். வீட்டுக் கழிப்பறையை விட்டுவிட்டு அங்கே ஓடுவாள். சின்ன வாளியும் கோப்பையும் உள்ளே வைத்திருந்தாள். கடதாசியோடு நிறுத்துகிற பழக்கம் எங்களுக்கு ஏது? ஒவ்வொரு முறையும் வெளியே வந்து பலகையைப் பார்ப்பாள். கால்வாசி. "இன்னும் எவ்வளவோ இடம் கிடக்குது" என்று சந்தோஷமாகச் சொல்லுவாள். நாட்கள் போகப் போக அவள் நடையே மாறியது. தேவாலயப் பிக்னிக் ஓரெவாக் கடற்கரையில் என்று அறிவித்தபோது, "போவம்" என்றாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவோ காலம்.

பிக்னிக்கில் மைக் அவரிடம்தான். சாக்கோட்டத்துக்கும் கயிறிழுப்புக்கும் நடுவே மலரின் வாகனத்தைப் பற்றியும் அறிவித்தார். புதுத் தொழில்நுட்பம், தானே பொருத்தியது, இனி அக்காவுக்குக் கவலையில்லை என்று. மலருக்கு வெட்கமாக இருந்தாலும் பெருமையாகவும் இருந்தது. கடற்கரையின் பொதுக் கழிப்பறையில் நீண்ட வரிசை. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையோடு வந்து, "அக்கா, உங்க வண்டியில ஒரு நிமிஷம் போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். மலர் பலகையைப் பார்த்தாள். கால்வாசி. "ஓம் பிள்ளை, இதெல்லாம் கேக்கிறதே" என்று கதவைத் திறந்துவிட்டாள். பிறகு இன்னும் மூன்று நான்கு பேர். வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்கிற மாதிரி வாளியில் தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷமாக யாருக்கும் எதுவும் கொடுக்காமல் இருந்தவள்.

அந்த நேரத்தில் அவளுக்கே வயிறு கூப்பிட்டது. உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில், "இஞ்சேருங்கோ" என்று ஒரு குரல். கதவைத் திறந்தேன். தொட்டியில் இடமில்லாமல் எல்லாம் மேலே வந்து, தரையில் பரவி, படிக்கட்டால் புல்லுக்கு வடிந்துகொண்டிருந்தது. மலர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வெளியே சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது. பலகையில் அப்போதும் கால்வாசிதான்.

அவர் வந்தார். கிட்ட வரவில்லை, மைக்கோடு தள்ளியே நின்றார். "ஒரு பிரச்சினையும் இல்லை, ஒருத்தரும் பதற வேண்டாம்" என்றார் மைக்கில். "சென்சர் வெள்ளைக்காரன்ர கணக்குக்குச் செய்தது. எங்கட ஆக்கள் வாளி வாளியா ஊத்தினா அது என்ன செய்யும்? அக்கா கொஞ்சம் அளவாப் பாவிச்சிருக்கலாம்." சிலர் சிரித்தார்கள். அந்த மெல்லிய சுவருக்குள் நின்று மலர் அதைக் கேட்டாள். அந்த மைக்கைப் பிடுங்கி அவர் வாய்க்குள்ளேயே திணிக்க வேண்டும் போல எனக்கு இருந்தது.

மலர் கதவைச் சாத்திக்கொண்டாள். கையுறை போட்டு, தரையைத் துடைத்து, படியைக் கழுவி, புல்லிலும் தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை என்னை உள்ளே விடவில்லை. எத்தனையோ பேருடையதைத் துடைத்தவள், தன்னுடையதையும் அப்படியே துடைத்தாள். உடுப்பு மாற்றிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை. நேரே அவரிடம் போனாள்.

"தம்பி, கொட்டுற இடம் கிட்டத்தான். நீங்களும் வாங்கோ. நீங்கள் பூட்டின சாமான், நீங்களே ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்சீட்டின் நுனியில் உட்கார்ந்து வந்தார். கழிவு கொட்டும் இடத்தில் நான் குழாயைப் பொருத்திக் கழிப்பறைத் தொட்டியின் நெம்புகோலை இழுத்தேன். சளசளவென்று போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சொட்டும் போன பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவர் தள்ளி நின்று, "வடிவாப் போகுது அண்ணை, விடுங்கோ" என்று மேற்பார்வை செய்தார்.

மலர் யன்னலால் தலையை நீட்டினாள். "கால்வாசி எண்டே காட்டுது."

காலியான தொட்டி எப்படிக் கால்வாசி காட்டும்? முதுகை மறந்து நிலத்தில் படுத்து அடியில் பார்த்தேன். அங்கே இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்று கழிப்பறையுடையது, பழையது, சேறும் கறையும் பிடித்துக் கறுத்துப்போனது. பக்கத்தில் சமையல் சிங்க்குத் தண்ணீர் சேருகிற தொட்டி. முந்தின சொந்தக்காரர் அண்மையில் மாற்றியது, புத்தம் புதுசாக இருந்தது. பட்டி அந்தப் புதுத் தொட்டியில், ஒரு சுருக்கம் இல்லாமல், கோடு கீறின மாதிரி நேராக ஒட்டப்பட்டிருந்தது. கழிப்பறைத் தொட்டியில் ஒரு விரல் பட்ட அடையாளம் கூட இல்லை. அந்தக் கிழமை முழுக்க மலர் பார்த்து நம்பியது அன்று நான் சிங்க்கில் திறந்துவிட்ட தண்ணீரை.

எழுந்து நின்று அவரைப் பார்த்தேன். தெரியாமல் செய்தாரோ என்று கேட்கத் தேவையில்லாமல் அவரே சொன்னார்.

"மற்றதில ஒட்டுறதெண்டா முதல் அதைத் தேச்சுக் கழுவ வேணும் அண்ணை. அது இந்த... சொன்னா விளங்கிக்கொள்ளுங்கோ. எங்கட ஆக்கள் செய்யிற வேலையே அது?"

எங்கட ஆக்கள். பூசைக்கு முதல் வரிசையில் நிற்கிற மனிதர், கடல் கடந்து இத்தனை வருஷமாகியும் யார் யார் எந்த வேலை செய்ய வேண்டும் என்பதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்திருந்தார். எனக்குத் தொண்டையில் வந்தது தமிழில் அச்சடிக்க முடியாதது. அதற்கு முதல் மலர் படியால் இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை. இல்லத்துத் தாழ்வாரத்தில் அவரிடம் கதைக்கிற அதே குரல்.

"உங்கட அம்மாவுக்கு நான் செய்த வேலைதான் தம்பி இது. ஒவ்வொரு நாளும் செய்தனான். நீங்கள் வெளியில நிண்டனீங்கள்."

அவர் வாய் திறந்தது. அந்தக் கைகள் விரிவதற்காக மேலே வந்தன, பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் நின்றன. ஒரு கை சட்டைப் பைக்குப் போனது. போன் அடிக்கவில்லை. அவர் அதை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, ஓம், ஓம், சொல்லுங்கோ" என்றபடி வேலியோரமாக நடக்கத் தொடங்கினார்.

மலர் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்து இடுப்புப் பட்டியைப் பூட்டினாள். "வெளிக்கிடுங்கோ."

"அவர்?"

"அவர் கதைச்சு முடிக்கட்டும். கடற்கரை நடக்கிற தூரம்தானே."

நான் வாகனத்தைத் திருப்பினேன். தெரு முனையில் வீட்டுக்குப் போகிற பக்கமாக சிக்னல் போட்டேன். மலர் என் கையில் தட்டினாள்.

"வடக்கால விடுங்கோ."

"இப்பவோ? அந்தப் பலகை பொய்யெல்லோ சொல்லுது."

"பலகை கிடக்கட்டும். தொட்டி வெறும். என்ர கண்ணால பாத்தனான்" என்றாள்.

வடக்குப் பக்கம் திரும்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் இன்னும் வேலியடியில் போனைக் காதில் வைத்தபடி, யாருக்கோ தலையாட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை.